கையில் அடங்கும் சரித்திரம்
(இலங்கையின் ஞாபகார்த்த நாணயங்கள்)

காசைத் தேடாதார் உலகில் இல்லை. காசை உற்றுப் பார்ப்பவரோ மிகச் சிலர். கல்முனைச் சந்தையில் மீனுக்கும் மரக்கறிக்கும் கைமாறும் சில்லறையை நாம் எண்ணிப் பார்க்கின்றோமேயன்றி, அதிற் பொறித்த எழுத்தையும் உருவத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. பார்க்கத் தொடங்கினால், விரல்நுனியிற் கிடக்கும் அச்சிறு வட்டம் ஒரு சரித்திரப் புத்தகத்தின் ஏடாக விரியும். செலவில்லாததும், தனிமையிலும் துணையோடும் செய்யத்தக்கதும், அறிவை வளர்ப்பதுமான பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமென விரும்பும் வாலிபர்க்கு நாணயம் சேர்த்தலை, அதிலும் நம் நாட்டின் ஞாபகார்த்த நாணயங்களைச் சேர்த்தலை, எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஞாபகார்த்த நாணயம் என்பது யாது? நாள்தோறும் புழங்கும் நாணயம் விலையைச் சொல்லும். ஞாபகார்த்த நாணயமோ விலையோடு ஒரு செய்தியையும் சொல்லும். ஒரு பெரியாரையோ, விழாவையோ, வெற்றியையோ நாடு மறவாதிருத்தற் பொருட்டு அரசு வெளியிடுவது அது. இவற்றுள் சில, மற்றைக் காசுகளோடு கலந்து கடைதோறும் உலாவுவன. சில, வெள்ளியிலும் பொன்னிலும் அடிக்கப்பெற்றுப் பெட்டியில் வைத்து விற்கப்படுவன. முன்னையவற்றை எவரும் சேர்க்கலாம். பின்னையவற்றுக்குக் கனத்த மடிசீலை வேண்டும். நாம் இங்கே பெரிதும் பேசப்போவது முன்னையவற்றையே.

பழங் கதை

நிகழ்ச்சியை நாணயத்திற் பொறிக்கும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி. பி. 70 இல் யெருசலேம் வீழ்ந்தபின், உரோமப் பேரரசன் வெஸ்பாசியன் அவ்வெற்றியைக் குறிக்க நாணயங்கள் அடிப்பித்தான். ஈச்ச மரத்தின்கீழ் ஒரு பெண் துயருற்று அமர்ந்திருக்கும் கோலம் அவற்றிற் காணப்படும். வென்றவனுக்கு அது வெற்றிச் சின்னம். தோற்றவர்க்கு அது துயரச் சின்னம். ஒரே நாணயத்தை இருவர் இருவிதமாகப் படிக்கலாம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

நம் இலங்கையின் நாணயக் கதையும் பலவகை மக்களின் கதையே. சோழ மன்னன் முதலாம் இராசராசன் காலத்துக் காசில் நின்ற கோலமும் இருந்த கோலமுமாக அரசன் உருவம் உண்டு. அவ்வமைப்பையே பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னரும் தம் செப்புக்காசுகளிற் கையாண்டனர். சோழர் சாசனங்களில் ஈழக்காசு என ஒரு பொற்காசு பேசப்படுகின்றது. யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகள் இடப உருவத்தின்கீழ்ச் 'சேது' எனத் தமிழெழுத்துப் பொறித்த காசுகளை வெளியிட்டனர். பாரசீக நாட்டு லார் என்னும் ஊரின் பெயரால் வழங்கிய 'லாரின்' என்னும் வெள்ளிக் கம்பிக்காசு, கீழைக் கடல் வணிகத்தோடு இங்கு வந்து, கண்டி இராச்சியத்தில் தூண்டில்போல வளைக்கப்பட்டுச் செலாவணியாயிற்று. மட்டக்களப்புக் கோட்டையை 1638 இற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் கம்பனியின் மூவெழுத்து முத்திரை பதித்த செப்புக்காசுகளைப் பரப்பினர். தமிழரும், சிங்களரும், கடல்கடந்து வந்த வணிகரும், ஐரோப்பியரும் இத்தீவில் ஒருவரோடொருவர் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர் என்பதற்கு இவற்றினும் வலிய சாட்சி வேண்டுவதில்லை. இவ்வரலாற்றை விரிவாக அறிய விழைவோர், கொட்றிங்டன் என்பார் 1924 இல் எழுதிய இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூலைத் தேடிப் படித்தல் நலம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1872 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு ரூபாவுக்கு நூறு சதம் என்னும் தசம முறை இங்கு நடைமுறைக்கு வந்தது. அன்று தொட்டு விக்டோரியா மகாராணி முதல் எலிசபெத் மகாராணி வரை முடிதரித்தோர் தலைகளே நம் காசுகளிற் காட்சியளித்தன. சதுரமான ஐந்து சதமும், விளிம்பு நெளிந்த பத்துச் சதமும் நம் பாட்டன் பாட்டிமார் கைபட்டுத் தேய்ந்தவை. 1950 ஆகஸ்ட் 28 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தாபிக்கப்பட்டது. நாணயம் வெளியிடும் உரிமை அதன் கைக்கு வந்தது. 1963 இல் வெளிவந்த புதிய நாணயங்களில் மகாராணியின் தலை மறைந்து நாட்டின் சின்னம் இடம்பெற்றது. சுதந்திரம் 1948 இற் கிடைத்ததாயினும், அது சட்டைப்பைக்குள் வந்துசேரப் பதினைந்து ஆண்டுகள் சென்றன என்று வேடிக்கையாகக் கூறலாம்.

முதல் ஞாபகார்த்த நாணயம்

இலங்கையின் ஞாபகார்த்த நாணயங்களுக்குத் தொடக்கம் 1957 ஆம் ஆண்டு. புத்தர்பிரான் பரிநிருவாணம் எய்தி 2500 ஆண்டுகள் நிறைந்தமையைக் கொண்டாடும் முகமாக ஒரு ரூபா நாணயமும் ஐந்து ரூபா நாணயமும் அவ்வாண்டிட்டு வெளியாயின. ஒரு ரூபா, செப்பும் நிக்கலும் கலந்தது. ஐந்து ரூபா வெள்ளி. ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி கொண்ட அந்த நாணயம் 28 கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையுடையது. கையில் வைத்தால் அதன் கனமே ஒரு மதிப்பை உண்டாக்கும்.

இந்த ஐந்து ரூபாவுக்கு நேர்ந்த கதி சிந்திக்கத்தக்கது. ஐந்து இலட்சம் நாணயங்கள் அடிக்கப்பட்டன என்றும், அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை நாணயசாலைக்கே திரும்பிச் சென்று உருக்கப்பட்டன என்றும் நாணயப் பட்டியல்கள் கூறுகின்றன. நினைவூட்டுதற்கென்று பிறந்தது நெருப்பிற் புகுந்து நினைவிழந்தது! எஞ்சியவற்றுக்கும் அபாயம் நீங்கியதன்று. வெள்ளி விலை ஏறுந்தோறும், பழைய வெள்ளிக் காசு தட்டாரின் மூசையை நோக்கியே நடக்கும். இரும்புப் பெட்டியின் அடியில் அத்தகைய காசு ஒன்றிருந்தால், அதனைக் கொலுசாக்க எண்ணுமுன் ஒருமுறை உற்றுப் பாருங்கள் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டுக்கொள்வது நம் கடமை.

நெல்லும் நீரும்

நம் கரையோரத்து உழவர் பெருமக்கள் விரும்பிப் பார்க்கத்தக்க நாணயம் ஒன்றுண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம், உலகின் பசிப்பிணியை மக்களுக்கு உணர்த்தும் பொருட்டு, நாடுகள்தோறும் நாணயங்கள் வெளியிடும் திட்டத்தை 1968 இல் தொடங்கியது. அத்திட்டத்திற் சேர்ந்து அதே ஆண்டில் இலங்கை இரண்டு ரூபா நாணயம் ஒன்றை வெளியிட்டது. அதிற் பொறிக்கப்பட்டது பொலன்னறுவையிலுள்ள கற்சிலை. அது முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது என்பது மரபு. வானினின்று விழும் ஒரு துளி நீரும் மனிதர்க்குப் பயன்படாது கடலுக்குள் ஓடலாகாது என்ற கொள்கையுடையவன் என்று சரித்திரம் புகழும் அரசன் அவன்.

பசியை நீக்குவது எது என்னும் வினாவுக்கு, நீர் என்று அந்நாணயம் விடை பகர்கின்றது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய கல்லோயாத் திட்டத்தின் நீரை நம்பி விதைக்கும் நம் மாவட்டத்தார்க்கு இவ்விடையை விளக்க வேண்டியதில்லை. சம்மாந்துறை வயலிற் கால் வைத்தவன் எவனும் அதன் பொருளை அறிவான். பின்னர் 1981 இல் மகாவலி அணைக்கட்டைப் பொறித்த இரண்டு ரூபா நாணயம் வெளிவந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவன், எண்ணூறு ஆண்டுகளுக்கு இடைப்பட்ட ஒரே கவலையைக் காண்பான்.

மாநாடும் வாக்கும் மட்டைப்பந்தும்

1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சிமாநாடு கொழும்பில் நடைபெற்றது. அதனைக் குறிக்க வெளிவந்த இரண்டு ரூபாவும் ஐந்து ரூபாவும் வட்டவடிவில்லாது பல பக்கங்கள் கொண்டவை. மாநாடு நடந்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபமே அவற்றின் உருவம். உலக வல்லரசுகள் இரு பாசறையாய் நின்ற காலத்தில், சிறிய தீவொன்று பல நாட்டுத் தலைவர்களுக்கு விருந்தோம்பிய செய்தியை அவை தாங்கி நிற்கின்றன.

1981 இல் வெளியான ஐந்து ரூபா, சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாண்டு நிறைவைக் குறிப்பது. 1931 இல், டொனமூர் அரசியலமைப்பின்கீழ், இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் இங்கு வாக்குரிமை கிடைத்தது. ஆசியாவில் இது மிக முந்தியது. நம் ஊர்ப் பெண்கள் வாக்களிக்கச் சென்ற அந்த ஆண்டில், பிரான்சு தேசத்துப் பெண்களுக்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் 1944 வரை காத்திருந்தனர். இவ்வொன்றை அறிவதற்காகவேனும் அந்த ஐந்து ரூபாவை ஒருவன் தேடலாம்.

1987 இல் வெளியான பத்து ரூபா, வீடற்றோர்க்கு உறைவிடம் அளிக்கும் சர்வதேச ஆண்டினது. அவ்வாண்டைப் பிரகடனஞ் செய்யுமாறு ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்தது நம் இலங்கையே. 1995 இல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் பொன்விழாவுக்கு ஐந்து ரூபா. 1996 இல் சிறுவர் நிதியத்தின் பொன்விழாவுக்கு ஒரு ரூபா. 1998 இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு இருவேறு உலோகங்கள் இணைந்த பத்து ரூபா. இவ்வாறு வரிசை நீள்கின்றது.

இவற்றுள் இளைஞர்க்கு மிகவும் இனியது 1999 ஆம் ஆண்டிட்ட ஐந்து ரூபாவே. 1996 மார்ச் 17 ஆம் நாள் லாகூர் நகரில் அவுஸ்திரேலிய அணியை ஏழு விக்கெற்றுகளால் வென்று, இலங்கை உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காது 107 ஓட்டங்கள் பெற்றார். அர்ச்சுன ரணதுங்க தலைமை தாங்கிய அவ்வணியிற் கண்டியில் பிறந்த தமிழ் மகன் முத்தையா முரளிதரனும் இருந்தார். போர் மூண்டிருந்த அந்நாளில் எல்லா மொழியினரும் ஒருங்கே மகிழ்ந்த பொழுதுகள் மிகச் சில. அச்சிலவற்றுள் ஒன்று இந்நாணயத்தில் உறைந்து கிடக்கின்றது.

பொறித்ததும் பொறியாததும்

நிற்க. சேர்ப்பவன் வெறுஞ் சேகரிப்பாளனாய் நின்றுவிடலாகாது; வினாவுபவனாயும் இருத்தல் வேண்டும். ஞாபகார்த்த நாணயம் அரசின் ஞாபகம். எதனை நினைப்பது என்று தெரிந்தெடுப்பது அரசு. 1999, 2000, 2001 ஆம் ஆண்டுகளில் முறையே தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் பொன்விழாவுக்காக ஒரு ரூபா நாணயங்கள் வெளியாயின. அவ்வாண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்தோர் அவற்றைக் கையில் ஏந்தியபோது என்ன நினைத்திருப்பர்? வெஸ்பாசியன் காசைப்பற்றி முன்னர்க் கூறியதை இங்கே பொருத்திப் பார்க்க.

இதனைக் குறையாக மாத்திரம் சொல்லவில்லை. நான் கற்ற மிஷன் பாடசாலையிற் சரித்திரம் போதித்த ஆசிரியர் ஒருவர், பழைய காசொன்றை மாணவர் கையிற் கொடுத்து, "இதில் என்ன இருக்கிறது என்று சொல்லு; பிறகு என்ன இல்லை என்று சொல்லு" என்று கேட்பது வழக்கம். இரண்டாவது கேள்வியே கடினமானது. நம் நாட்டு நாணய வரிசை முழுவதையும் வைத்து அக்கேள்வியைக் கேட்டால், தமிழ் பேசும் மக்களின் பெரியார் பலர் நம் மனத்தில் எழுவர். காரைதீவில் 1892 இற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, யாழ் நூல் தந்து மறைந்த சுவாமி விபுலாநந்தரின் திருவுருவத்தை ஒரு நாணயத்திற் காண எவர்தாம் விரும்பார்? அந்த நாளை எதிர்பார்ப்பதும், உரியவரிடம் கேட்பதும் தவறாகா.

பாரத நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1964 இல் நேருவின் மறைவையொட்டித் தொடங்கிய அந்நாட்டு ஞாபகார்த்த நாணயங்களில் தமிழர் பெருமையும் இடம்பெற்றுள்ளது. தஞ்சையில் 1995 இல் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்குத் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள். காமராசர் நூற்றாண்டுக்கு ஒன்று. 2009 இல் அறிஞர் அண்ணாவின் நூற்றாண்டுக்கு அவரது தமிழ்க் கையொப்பத்தோடு ஐந்து ரூபா. 2010 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்கு ஆயிரம் ரூபா. பன்மொழி பேசும் நாடு பல மக்களையும் நினைப்பதால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை.

நம் நாட்டிலும் நல்ல அறிகுறி இல்லாமலில்லை. 2013 ஆம் ஆண்டிட்டு இருபத்தைந்து மாவட்டங்களுக்கும் இருபத்தைந்து பத்து ரூபா நாணயங்கள் வெளியாயின. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்ட நம் அம்பாறைக்கும் அவற்றுள் ஒன்றுண்டு. பருத்தித்துறை முதல் தெய்வேந்திர முனை வரை ஒரு தீவை மேசைமேற் பரப்பிக் காட்டுதற்கு அவ்விருபத்தைந்தும் போதும். இன்பமான தேட்டம் வேண்டுமென்போர் அவ்வரிசையில் தொடங்கலாம்.

சேர்க்கும் முறை

இனி, சேர்ப்பதெப்படி என்று சுருங்கக் கூறுவோம். முதலில் தேடவேண்டிய இடம் கடையன்று, சொந்த வீடு. நேர்த்திக்காக மஞ்சட் துணியில் முடிந்து வைத்து மறந்த காசு, மண் உண்டியலின் அடியிற் கிடப்பது, பாட்டியின் வெற்றிலைத் தட்டத்திற் பாக்குவெட்டியோடு கிடப்பது யாவற்றையும் பாருங்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் நேர்ந்து முடிந்த முடிச்சுக்கள் இப்பகுதியிற் பல காசுகளைக் காப்பாற்றியிருக்கின்றன. நேர்ந்த காசை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பார்த்துவிட்டு, வேறொரு காசைக் கொடுத்து மாற்றுவதாயினும் வீட்டாரின் சம்மதத்தோடு செய்யுங்கள்.

இரண்டாவது, பழங்காசைத் துலக்காதீர்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்குக்கு ஏற்றவை, நாணயத்துக்கு நஞ்சு. துலக்கிய காசு பளபளக்கும். ஆனால் அதன் நுண்ணிய கோடுகளும் காலம் தந்த நிறமும் போய்விடும், மதிப்பும் உடன்போகும். நடுவிற் பிடியாது விளிம்பிற் பிடிக்க. நம் ஊர் உப்புக்காற்று உலோகத்தை விரைவில் அரிக்கும். ஆதலால் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடிதாசி உறையிலிட்டு, ஈரமில்லாத மூடிய பெட்டியில் வைக்க. மென்மையான பிளாஸ்ரிக் உறைகள் சில நாட்செல்லப் பச்சைப் பிசினை உண்டாக்கும், அவை வேண்டா.

மூன்றாவது, ஒரு காந்தத்தைக் கைவசம் வைத்திருங்கள். செப்பு நிக்கல் நாணயம் காந்தத்தில் ஒட்டாது. 2005 முதல் வெளியாகும் உருக்கு நாணயங்கள் ஒட்டும். உலோகம் மாறிய காலத்தையும், காசின் விலை வீழ்ந்த காலத்தையும் அந்தச் சிறு காந்தம் காட்டிக்கொடுக்கும். நான்காவது, ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாணயத்தின் ஆண்டு, பெறுமதி, செய்தி, கிடைத்த இடம், கொடுத்தவர் ஆகியவற்றை எழுதிவைக்க. எழுதாத சேகரம் வெறுஞ் சில்லறை.

ஐந்தாவது, இரட்டையாய்க் கிடைத்ததை மாற்றிக்கொள்ளுங்கள். பாண்டிருப்புப் பையனிடம் மாநாட்டு நாணயம் இரண்டிருக்கும். மருதமுனைப் பையனிடம் கிரிக்கெற் நாணயம் இரண்டிருக்கும். மதிலுக்கு இப்பாலும் அப்பாலுமாக வாழும் அவ்விருவரையும் ஒரு திண்ணையில் அமர்த்தும் ஆற்றல் இப்பொழுதுபோக்குக்கு உண்டு. மேடைப்பேச்சு ஒற்றுமையைவிட அது நெடுநாள் நிற்கும்.

இன்று செய்யவேண்டியது

காலந் தாழ்த்தலாகாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, விலைவாசி. சதக்காசு கடைகளை விட்டு மறைந்தது. ஒரு ரூபாவையும் இரண்டு ரூபாவையும் குனிந்து எடுப்பாரில்லை. பயனற்றதென்று ஒதுக்கப்படும் அச்சில்லறையோடு சேர்ந்தே நாம் மேலே கூறிய ஞாபகார்த்த நாணயங்கள் பலவும் ஒழிகின்றன. இன்று செலவின்றிக் கிடைப்பது நாளை வியாபாரியிடம் விலைக்குக் கிடைப்பதாகும். மற்றொன்று, நாம் அனுபவித்தறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது, மருதமுனை முதல் காரைதீவு வரை எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளும் பெட்டிகளும் அலையோடு போயின. உயிர் போனவிடத்துக் காசைப் பேசுதல் தகாதுதான். எனினும், அப்பெட்டிகளில் இருந்தவை குடும்பங்களின் நினைவுகள். அவை எங்கும் எழுதப்படவுமில்லை. எவரும் படமெடுத்து வைக்கவுமில்லை.

ஆகவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பில் மத்திய வங்கி ஒரு நாணய நூதனசாலை நடத்துகின்றது. கல்முனையிலிருந்து அங்கே போய்வருதல் எல்லா மாணவர்க்கும் எளிதன்று. நமது வாசிகசாலையில் ஒரு கண்ணாடிப் பெட்டி வைத்து, 1957 முதல் வெளியான நாணயங்களை அன்பளிப்பாகப் பெற்று, ஒவ்வொன்றின்கீழும் இரண்டு வரி விளக்கம் எழுதி வைத்தால் எத்தனை பயன்! அங்கத்தவர் ஒருவர் ஒரு நாணயம் தந்தாலே பெட்டி நிறைந்துவிடும். நற்பிட்டிமுனை, சாய்ந்தமருதுப் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் சிறுவன் ஒருவன், காசின் ஓரத்தில் தன் தாய்மொழி எழுத்தைக் கண்டு விரலால் தடவிப் பார்ப்பானாயின், அப்பெட்டிக்குச் செய்த செலவு வீண்போகாது.

பொறுப்பேற்கத் தொண்டர் வேண்டும். முதல் நாணயத்தைத் தர நானிருக்கின்றேன்.